‘ம்பூபே’ முதல் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ வரை: ஒரு பாடலின் படிவழி வரலாறும் ஆசிரியர் பெயர் மறைவும்

ஆய்வுச் சுருக்கம்

1939ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் சாலமன் லிண்டா என்னும் சூலுப் பாடகர் இயற்றிப் பதிவுசெய்த ‘ம்பூபே’ என்ற பாடல், பின்னர் ‘விமோவே’, ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ ஆகிய பெயர்களில் பல நாடுகளிலும் பல மொழிகளிலும் மீண்டும் மீண்டும் பாடப்பட்டது. இம்மீள்பாடல்களின் வரலாற்றைச் சுவடிப் பதிப்பாய்வில் வழங்கும் படிவழி ஒப்பீட்டு முறையின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பாடல் ஒரு படியிலிருந்து மறுபடிக்குச் செல்லுந்தோறும் சொல்லும் பொருளும் இசையமைப்பும் மாறியதுடன், இயற்றியவர் பெயரும் படிப்படியாக நீங்கியமை இங்குச் சுட்டப்படுகிறது. அந்நீக்கத்துக்கு ‘மரபுப்பாடல்’ என்னும் வகைப்பாடு வழிவகுத்தது என்பதும், அவ்வகைப்பாடு வழக்காற்றாய்வாளர் கவனத்துக்குரியது என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: மீள்பாடல், படிவழி, பாடவேறுபாடு, மரபுப்பாடல், பதிப்புரிமை, சாலமன் லிண்டா, தகவலாளி.

முன்னுரை

ஒரு பாடகர் அல்லது இசைக்குழு பாடி வெளியிட்ட பாடலைப் பிறிதொருவர் தம் முறையில் மீண்டும் பாடி வெளியிடுவது ‘கவர் வெர்ஷன்’ எனப்படுகிறது. இக்கட்டுரை அதனை ‘மீள்பாடல்’ எனக் குறிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் வெகுசன இசையில் மீள்பாடல் பெருவழக்கானது. இதற்குச் சட்டப் பின்புலமும் உண்டு. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் இசைவோடு ஒரு பாடல் ஒருமுறை ஒலிப்பதிவாகிவிட்டால், அதன்பின் எவரும் அதனைப் பதிவுசெய்து விற்கலாம். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 2 சென்ட் வீதம் உரிமையாளருக்குச் செலுத்தினால் போதும். ஆகவே ஒரு பாடலை எவர் பாடினார் என்ற வினாவைக் காட்டிலும், அதன் உரிமையாளராக எவர் பெயர் எழுதப்பட்டது என்ற வினாவே பொருளியல் நிலையில் முதன்மை பெற்றது.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் தமிழ்ப் பதிப்பு மரபில் மூலப்படி, வழிப்படி, பாடவேறுபாடு ஆகிய கருத்தாக்கங்கள் நன்கு பயின்றவை. ஒரு படியில் நேர்ந்த எழுத்துப் பிழை அடுத்த படியில் பாடமாக நிலைபெறுவதையும், அப்பாடத்துக்கென ஒரு பொருள்விளக்கம் பின்னர் எழுவதையும் பதிப்பாய்வாளர் அறிவர். ஒலிப்பதிவு வழியே பரவும் பாடலுக்கும் இம்முறை பொருந்துமா என்பதைக் காண ‘ம்பூபே’ தக்க சான்றாகும். அதன் மூலப்பதிவு இன்றும் கேட்கக் கிடைப்பதும், முதன்மையான வழிப்படிகளின் ஆண்டுகள் தெரிந்திருப்பதும் இவ்வொப்பீட்டுக்குத் துணைசெய்கின்றன.

1. மூலப்படி: ஜோகன்னஸ்பர்க், 1939

சாலமன் லிண்டா 1909ஆம் ஆண்டு நேட்டால் பகுதியில் பிறந்தவர். இளமையில் மாடு மேய்த்தவர். கிறித்தவச் சமயப் பரப்புநர் நடத்திய பள்ளியில் பயின்றவர். 1930களின் தொடக்கத்தில் வேலை தேடி ஜோகன்னஸ்பர்க் சென்றார். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் விடுதிகளிலும் பணிபுரிந்த சூலுத் தொழிலாளர் அந்நகரில் ஆடவர் பாடற்குழுக்களை அமைத்து, வார இறுதிகளில் இரவு முழுவதும் போட்டியிட்டுப் பாடிவந்தனர். லிண்டா தலைமையேற்ற ‘ஈவினிங் பேர்ட்ஸ்’ அத்தகைய குழுக்களுள் ஒன்று. சூலுத் திருமணப் பாடல், தேவாலயக் கூட்டிசை, அமெரிக்க மேடைப் பாடல் ஆகிய மூன்றும் கலந்து உருவான நகர்ப்புறத் தொழிலாளர் கலைவடிவம் அது.

காலோ இசைத்தட்டு நிறுவனத்தின் சார்பில் கலைஞர்களைத் தேடி வந்த கிரிஃபித் மோட்சியெலோவா இக்குழுவைக் கண்டறிந்தார். 1939இல் அந்நிறுவனத்தின் பதிவகத்தில் ‘ம்பூபே’ பதிவாயிற்று. சூலு மொழியில் அச்சொல் சிங்கத்தைக் குறிக்கும். மாட்டு மந்தையைச் சிங்கத்திடமிருந்து காத்த இளமை நினைவு பாடலின் பின்புலமாகச் சொல்லப்படுகிறது. தாழ்குரலினர் ஒரே தொடரை அடித்தளமாகத் திரும்பத் திரும்பப் பாட, லிண்டா உச்சக்குரலில் அதன்மேல் விரித்துப் பாடுவது இப்பதிவின் அமைப்பு. பதிவின் இறுதிப் பகுதியில் அவர் அந்நொடியிலேயே புனைந்து பாடிய ஒரு சிறு இசைத்தொடர் இடம்பெறுகிறது. பிற்காலத்தில் உலகமெங்கும் அறியப்பட்ட மெட்டு இத்தொடரிலிருந்தே கிளைத்தது.

1948ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 1,00,000 பிரதிகள் விற்றதாகக் கூறப்படும் இப்பாடல், தான் சார்ந்த இசைவகைக்கே ‘ம்பூபே’ என்னும் பெயரைத் தந்தது. லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவால் பின்னர் உலகறிந்த ‘இசிகதாமியா’ என்னும் இசைவகை இம்மரபின் தொடர்ச்சியே. பாடலின் உரிமைக்காக லிண்டா பெற்றது 10 ஷில்லிங் என்பதே வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடும் செய்தி. அதன்பின் அவர் அதே நிறுவனத்தின் பொதிகட்டும் பிரிவில் பணியாற்றினார்.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். ஜோகன்னஸ்பர்க் கேட்போர்க்கு இப்பாடல் ‘யாரோ பாடிய பழம்பாடல்’ ஆகத் தோன்றவில்லை. இசைத்தட்டில் குழுவின் பெயர் இருந்தது. பாடியவர் அந்நகரில் வாழ்ந்தார். போட்டி மேடைகளில் அவரை நேரில் காண முடிந்தது.

2. முதல் வழிப்படி: ‘விமோவே’

1940களின் இறுதியில் காலோ நிறுவனத்தின் இசைத்தட்டுகள் சில நியூயார்க் நகரை அடைந்தன. நாட்டுப்புறவியலாளர் ஆலன் லோமாக்ஸ் அவற்றைத் தம் நண்பர் பீட் சீகரிடம் அளித்தார். சீகர் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாடலைப் படியெடுத்தார். அவருக்குச் சூலு மொழி தெரியாது. ‘நீ சிங்கம்’ எனப் பொருள்படும் ‘உயிம்பூபே’ என்ற தொடர் அவர் செவியில் ‘விமோவே’ என விழுந்தது. சீகர் இடம்பெற்றிருந்த ‘வீவர்ஸ்’ குழு, கோர்டன் ஜென்கின்ஸ் இசைக்குழுவின் துணையுடன் 1951இல் பதிவுசெய்து 1952இல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பும் அதுவே ஆயிற்று.

சுவடியியல் நோக்கில் இது செவிவழிப் படியெடுப்பில் நேர்ந்த பிழை. ஒருவர் ஏடு படிக்க மற்றொருவர் கேட்டெழுதும்போது நேரும் திரிபுகளோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் எழுதுபவருக்கு மொழி தெரிந்திருக்கும் நிலையில் திரிபு பெரும்பாலும் பொருளுள்ள வேறொரு சொல்லாக அமையும். மொழி தெரியாத நிலையில் அது பொருளற்ற ஒலியாகவே எஞ்சும். ‘விமோவே’ எம்மொழியிலும் சொல்லன்று.

பொருளற்ற பாடத்துக்குப் பொருள் தேடும் முயற்சியும் தொடர்ந்தது. சூலு அரசன் ஷாக்கா ‘சிங்கம்’ எனப்பட்டவன் என்றும், ஐரோப்பியர் நாட்டைக் கைப்பற்றியபோது அவன் இறவாமல் உறங்கச் சென்றான் என்றும், ஒருநாள் விழித்தெழுவான் என்றும் வழங்கும் கதையைப் பாடல் குறிப்பதாகச் சீகர் மேடையில் விளக்கினார். ஷாக்கா 1828இல் தன் உடன்பிறந்தோர் கையால் கொலையுண்டவர். அவருக்குப் பின்னும் சூலு அரசர்கள் ஆண்டனர். இவ்விளக்கத்தின் வரலாற்றுப் பிழை ஒருபுறமிருக்க, அதன் விளைவு முதன்மையானது. உயிரோடிருந்த ஒரு பாடகரின் பாடல், காலமறியாத ஒரு மக்களினத்தின் தொன்மமாக மாறியது. மூலப்பாடலில் இல்லாத ‘உறக்கம்’ பாடலின் பொருளுக்குள் நுழைந்ததும் இவ்விளக்கத்தின் வழியேதான்.

உரிமைப் பதிவில் பாடலாசிரியராக எழுதப்பட்ட பெயர் பால் கேம்பல். அப்படியொருவர் இல்லை. வீவர்ஸ் குழுவினர் பழைய நாட்டுப்புறப் பாடல்களைத் தழுவியமைக்கும்போது பயன்படுத்திய புனைபெயர் அது. தமக்கு வரவேண்டிய பங்கை லிண்டாவுக்கு அனுப்புமாறு வெளியீட்டாளரிடம் கூறியதாகவும், 1,000 டாலர் அனுப்பப்பட்டதாகவும் சீகர் பின்னாளில் தெரிவித்தார். அவரது நன்னோக்கத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் தனிமனிதரின் நன்னோக்கம் உரிமைப் பதிவேட்டில் இருந்த பெயரை மாற்றவில்லை.

3. இரண்டாம் வழிப்படி: ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’

‘விமோவே’ விரைவில் கிளைவிட்டது. 1952இலேயே ஜிம்மி டோர்சி, பெரு நாட்டுப் பாடகி இமா சுமாக் ஆகியோர் அதனைப் பதிவுசெய்தனர். 1959இல் கிங்ஸ்டன் ட்ரையோ குழு தன் மேடை நிகழ்ச்சித் தொகுப்பில் பாடியது. அத்தொகுப்பில் பாடல் ‘மரபுப்பாடல்’ எனவும், அதனைத் தழுவியமைத்தோர் கேம்பல், லிண்டா எனவும் குறிக்கப்பட்டது. லிண்டாவின் பெயர் இங்கு இடம்பெற்றது உண்மை. ஆனால் தாம் இயற்றிய பாடலுக்கே அவர் தழுவியமைத்தவராக, அதுவும் இல்லாத ஒருவரோடு சேர்த்து, குறிக்கப்பட்டார்.

1961இல் ‘டோக்கன்ஸ்’ என்னும் இளைஞர் குழு இப்பாடலைப் பதிவுசெய்ய முனைந்தபோது, தயாரிப்பாளர்களான ஹியூகோ பெரெட்டி, லூய்ஜி கிரியேட்டோர் ஆகியோர் பாடலாசிரியர் ஜார்ஜ் டேவிட் வைஸை அழைத்து ஆங்கிலச் சொற்களை எழுதச் செய்தனர். லிண்டா தம் பதிவின் இறுதியில் புனைந்து பாடிய இசைத்தொடரின்மேல் வைஸ் ஆங்கில வரிகளை அமைத்தார். சீகரின் விளக்கத்தில் உறங்கிய அரசன் இங்கு வெறும் காட்டுச் சிங்கமானான். இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட இப்பாடல், 1961 இறுதியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. ஆசிரியர்களாக வைஸ், பெரெட்டி, கிரியேட்டோர் ஆகிய மூவர் பெயரும் இடம்பெற்றன. லிண்டாவின் பெயர் இல்லை.

1962இல் லிண்டா சிறுநீரக நோயால் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பணம் மிகச் சொற்பம். அவரது கல்லறைக்கு ஒரு நடுகல் வைக்கக் குடும்பத்தாருக்கு 18 ஆண்டுகள் ஆயின.

4. கிளைப்படிகளும் பாடவேறுபாடுகளும்

இதன்பின் எழுந்த மீள்பாடல்களை அவை எந்தப் படியைப் பின்பற்றின என்பதன் அடிப்படையில் மூன்று கிளைகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, மூலப்படிக் கிளை. மிரியம் மகேபா 1960இல் தம் முதல் இசைத்தொகுப்பில் இப்பாடலைச் சூலு மொழியிலேயே பாடினார். தலைப்பிலும் சொல்லிலும் லிண்டாவின் பாடத்தைப் போற்றிய படி இது. எனினும் விற்பனையில் பிற கிளைகளின் அளவை இக்கிளை எட்டவில்லை.

இரண்டாவது, ‘விமோவே’ கிளை. 1962இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முன்னிலை பெற்ற கார்ல் டென்வரின் பதிவு இதனைச் சாரும். ‘விமோவே’ என்னும் பிழைப்பாடமே இதற்குத் தலைப்பு.

மூன்றாவது, டோக்கன்ஸ் கிளை. மீள்பாடல்களில் பெரும்பாலானவை இதனுள் அடங்கும். 1962இல் ஆன்றி சால்வதோர் பாடிய பிரெஞ்சு வடிவத்தின் தலைப்பு ‘இன்றிரவு சிங்கம் இறந்துவிட்டது’ எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் உறங்கிய சிங்கம் பிரெஞ்சில் இறந்துபோயிற்று. 1992இல் ‘பவ் வவ்’ குழு இதனையே மீண்டும் பாடிப் பிரான்சில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் ராபர்ட் ஜான் பாடியது 1972இல் மூன்றாம் இடத்தையும், பிரித்தானியாவில் ‘டைட் ஃபிட்’ குழு பாடியது 1982இல் முதலிடத்தையும் எட்டின. 1994இல் டிஸ்னி நிறுவனத்தின் ‘தி லயன் கிங்’ திரைப்படத்தில் இரு நகைச்சுவைப் பாத்திரங்கள் இப்பாடலின் ஒரு பகுதியைப் பாடின. அதன்வழி அடுத்த தலைமுறைக் குழந்தைகளுக்கும் அது அறிமுகமாயிற்று.

இக்கிளைகளை ஒப்பிடும்போது இரு போக்குகள் புலனாகின்றன. ஒன்று, பெருவழக்கான மீள்பாடல்கள் மூலப்பதிவுக்குச் செல்லாமல் தமக்கு முந்தைய வழிப்படியையே பின்பற்றின. மற்றொன்று, சிங்கத்தின் நிலை படிதோறும் மாறுகிறது: மூலத்தில் எதிர்நின்று விளிக்கப்படும் விலங்கு, சீகரின் விளக்கத்தில் உறங்கும் அரசன், வைஸின் வடிவத்தில் உறங்கும் விலங்கு, பிரெஞ்சில் இறந்த விலங்கு. பாடவேறுபாடு என்ற அளவில் இது சுவையான வளர்ச்சி. ஒவ்வொரு படியிலும் ஒரு புத்தாக்கம் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. டோக்கன்ஸ் பதிவின் இசையமைப்பும் உச்சக்குரல் ஒழுங்கும் தனித்த கலையாக்கங்களே. ஆனால் இப்புத்தாக்கங்களுக்கு உரிமையும் ஊதியமும் கிடைத்தபோது, அவற்றுக்கு அடிப்படையான ஆக்கத்துக்கு அவை கிடைக்கவில்லை.

5. ‘மரபுப்பாடல்’ என்னும் வகைப்பாடு

இப்பெயர் நீக்கத்தை ஒருவரது வஞ்சகமாக மட்டும் காண்பது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். அக்கால அமெரிக்க இசை வெளியீட்டுத் துறையில் நிலவிய நடைமுறை இதற்கு இடமளித்தது. மரபுப்பாடல் எவர்க்கும் உரியதன்று. ஆகவே எவரும் அதனைத் தழுவலாம். தழுவியமைத்த வடிவமோ தழுவியவர்க்கு உரியது. இவ்விரு கருத்துகளும் இணையும்போது, ஒரு பாடலை ‘மரபுப்பாடல்’ எனக் குறிப்பதே அதனை உரிமையாக்கிக்கொள்வதற்கான முதற்படியாகிறது.

லிண்டாவின் பாடலும் சூலு மரபிலிருந்தே பிறந்தது, ஆகவே அதனை மரபுப்பாடல் என்பதில் தவறென்ன என வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. தாழ்குரல் அடித்தளமும் அழைப்பு-மறுமொழி அமைப்பும் அவர் தம் சமூகத்திலிருந்து பெற்றவையே. ஆனால் எந்த ஆசிரியரும் வெற்றிடத்திலிருந்து படைப்பதில்லை. மரபிலிருந்து எடுத்துப் புதியது செய்ததால் லிண்டா ஆசிரியர் ஆகார் எனில், லிண்டாவிடமிருந்து எடுத்துப் புதியது செய்த வைஸும் ஆசிரியர் ஆகார். ஒரே செயலுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பெயரும் நியூயார்க்கில் மற்றொரு பெயரும் வழங்கப்பட்டதே இங்குள்ள முரண். அம்முரணின் அடியில் இருப்பது, ஆப்பிரிக்கப் பாடலென்றால் அதற்குத் தனியாசிரியர் இருக்க முடியாது என்ற முன்முடிவு.

1990களின் தொடக்கத்தில் இப்பாடலின் புதுப்பித்த உரிமை குறித்து அமெரிக்காவில் எழுந்த வழக்கு இதனைத் தெளிவாக்கும். வைஸ் முதலியோர் ஒருபுறமும், ‘விமோவே’ உரிமையை வைத்திருந்த வெளியீட்டு நிறுவனம் மறுபுறமும் நின்றன. வைஸ் தரப்புக்குச் சார்பான நடுவர் தீர்ப்பை 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்காடிய இரு தரப்பும் வழிப்படிகளின் உரிமையாளர்களே.

6. உரிமை மீட்பு

2000ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க இதழாளர் ரியான் மாலன் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் எழுதிய நெடுங்கட்டுரை இவ்வரலாற்றைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. ‘தி லயன் கிங்’ வழியாக மட்டுமே இப்பாடல் 1,50,00,000 டாலர் அளவில் உரிமத்தொகை ஈட்டியிருக்கலாம் என்பது அவரது மதிப்பீடு.

லிண்டாவின் வாரிசுகளுக்கு வழி திறந்தது, எதிர்பாராத வகையில், பிரித்தானியப் பேரரசின் பழைய சட்டம் ஒன்று. 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு கூற்றின்படி, ஆசிரியர் தம் வாழ்நாளில் உரிமையைப் பிறருக்கு விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின் அது அவருடைய வாரிசுகளுக்கே மீளும். வறுமையால் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்த எழுத்தாளரின் குடும்பத்தைக் காக்க எழுந்த ஏற்பாடு இது. அதன்படி லிண்டாவின் உரிமை, அச்சட்டம் நடைமுறையில் இருந்த நாடுகளில், 1987இல் அவர் குடும்பத்துக்கு மீண்டிருக்க வேண்டும். பதிப்புரிமை வல்லுநர் ஓவன் டீன் இவ்வாதத்தை முன்வைத்தார். 2004இல் டிஸ்னி நிறுவனத்தின்மீது தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில், உரிமையை வைத்திருந்த அபிலீன் மியூசிக் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ பாடல் ‘ம்பூபே’யிலிருந்து பிறந்தது என்பதும், லிண்டா அதன் இணையாசிரியர் என்பதும் அதன்வழி ஏற்கப்பட்டன. வாரிசுகளுக்கு உரிமத்தொகையில் பங்கும் கிடைத்தது.

தீர்ப்பின்றி உடன்பாட்டில் முடிந்ததால், நீதிமன்றம் இச்சிக்கலில் சட்டநெறி எதனையும் வகுக்கவில்லை. ஆயினும் உடன்பாட்டுக்கு ஆதாரமாக அமைந்த சான்று நோக்கத்தக்கது. 1939ஆம் ஆண்டின் ஒலிப்பதிவு நிலைத்திருந்தது. யார் பாடினார், எங்கே, எப்போது என்ற செய்திகள் கிடைத்தன. அவை இல்லாதிருந்தால் ‘மரபுப்பாடல்’ என்ற வகைப்பாட்டை மறுக்க வழியிருந்திராது.

7. வழக்காற்றாய்வுக்கு உரியது

மேற்கூறிய 1911ஆம் ஆண்டுச் சட்டம், சில மாற்றங்களுடன், 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இந்தியாவிலும் நடைமுறையில் இருந்தது. எனினும் இங்குச் சுட்ட விரும்புவது சட்ட ஒப்புமையை அன்று, பதிவுமுறையின் பொறுப்பை.

தமிழ் நாட்டுப்புறவியல் களப்பணியில் பாடலைப் பாடித் தந்தவர் ‘தகவலாளி’ எனக் குறிக்கப்படுகிறார். பெயர், வயது, ஊர், தொழில் ஆகியன பதிவாகின்றன. பாடலை வழிவழியாகக் கேட்டுப் பாடியவரும், தாமே கட்டிப் பாடியவரும் இச்சொல்லுக்குள் வேறுபாடின்றி அடங்கிவிடுகின்றனர். ஒப்பாரி பாடும் பெண் தன் தாயின் சாவுக்கெனத் தானே கட்டிய வரிகளும், தன் பாட்டியிடம் கேட்ட வரிகளும் தொகுப்பு நூலில் ஒரே தலைப்பின்கீழ் நிற்கின்றன. கும்மி கட்டியவர், சிந்து பாடியவர், தெருக்கூத்தில் புதிய பாட்டு இணைத்தவர் ஆகியோருக்கும் இது பொருந்தும். ‘ஆசிரியர் அறியப்படாதவர்’ என்னும் குறிப்பு பலவிடங்களில் ‘ஆசிரியர் யாரென வினவப்படவில்லை’ என்பதையே குறிக்கக்கூடும்.

சீகரும் லோமாக்சும் நாட்டுப்புற இசைமீது ஆழ்ந்த மதிப்புக் கொண்டவர்கள். அம்மதிப்பே ‘மக்களின் பாடல்’ என்று அவர்களைக் கருதச் செய்தது. மக்கள் என்ற பொதுப்பெயருக்குள் பாடியவரின் பெயர் மறைந்தது. ஆய்வாளரின் பரிவும் இவ்விளைவைத் தரவல்லது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் எச்சரிக்கை.

முடிவுரை

‘ம்பூபே’ பாடலின் வரலாறு, மீள்பாடல்களைப் படிவழி ஒப்பீட்டு முறையால் ஆராயலாம் என்பதைக் காட்டுகிறது. செவிவழித் திரிபு தலைப்பானது. திரிபுக்கு எழுந்த விளக்கம் அடுத்த படிக்குப் பொருளானது. அப்படியே பின்னைய கிளைகளுக்கு மூலமாகக் கருதப்பட்டது. இப்போக்கில் ‘மரபுப்பாடல்’ என்னும் வகைப்பாடு, ஆசிரியர் பெயர் நீங்குவதற்கும் பிறர் பெயர் நுழைவதற்கும் வாயிலாயிற்று.

பதிப்பாசிரியர் ஒருவர் ஏட்டின் இறுதியில் படியெடுத்தவர் பெயரைக் கண்டால், அதனை நூலாசிரியர் பெயராகக் கொள்ளமாட்டார். வாய்மொழிப் பாடலைப் பதிவுசெய்யும் ஆய்வாளரிடமும் அத்தெளிவு வேண்டும். களப்பணிக் குறிப்பேட்டில் ‘இப்பாடலை யாரிடம் கேட்டீர்கள்’ என்ற வினாவுக்கு அருகில் ‘இதனைக் கட்டியவர் யார், இதில் நீங்கள் கட்டிய வரிகள் எவை’ என்ற வினாவும் இடம்பெற வேண்டும். விடை கிடைக்காத இடங்கள் பல இருக்கும். ஆனால் வினவிய பின்னரே ‘அறியப்படாதவர்’ என எழுதுவது முறையாகும்.